பூரணம் மாமியின் மெமரி காட்

கிளிநொச்சி

அன்பின் குகன்,

உன் வட்ஸ்அப் ஏச்செல்லாம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் சுகம். மனிசிக்கு முழங்காவிலுக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. மகனுக்கு உன்னைப் போலவே கணக்கென்றால் காய்ச்சல். நெல்லு விலையைப் பற்றிக் கேட்காதே. சரி, விசயத்துக்கு வருகிறேன்.

விசுவமடுப் பூரணம் மாமியின் காணிப் பிரச்சினை வழக்காகிவிட்டது. காணி 1996 முதல் தன் கையில், கிணறு போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு தானே கட்டியது, மாமி அங்கே குடியிருந்ததே இல்லை என்கிறான் எதிராளி. காணி உறுதியோ 2009 கடைசிப் போரில் மாத்தளனில் தொலைந்தது. அதன் பிரதியைத் தேடுவது சட்டத்தரணியின் பாடு. என்னிடம் வந்தது கிணறு: அது முதலே அங்கே இருந்தது என்று காட்டும் வேலை.

மாமி அடையாள அட்டையோடு ஒரு துணிப்பையில் தைத்து வைத்திருந்த மெமரி காட்டைக் கொண்டுவந்து தந்தா. கொண்ணை 2005இல் கொண்டுவந்த கமராவின் காட். நீ மதிலால் விழுந்ததை எடுத்த அதே கமராதான். என்னிடம் வருவதற்கு முதல் பேரன் அதை வேறொரு கடையில் கொடுத்திருக்கிறான். அவர்கள் நேரே விண்டோஸில் செருகிவிட்டார்கள். விண்டோஸ் சும்மா இருக்குமா? காட்டைக் கண்டதும் தன்பாட்டுக்கு ஒரு கோப்புறையைத் திறந்துவிட்டது. இந்த ஆண்டுத் திகதியோடு அது உள்ளே குந்திக்கொண்டிருக்கிறது. "காட்டில் போன மாதம் கை வைத்திருக்கிறீர்களே" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பினால் இல்லையென்று சொல்ல முடியாது.

காட்டின் விளிம்பில் பூட்டுக் கட்டை ஒன்று இருக்குமே, அதை மட்டும் நம்பக்கூடாது. காட்டை வாசிக்கும் கருவி அதை மதித்தால்தான் பூட்டு. அதனால் மொட்டையிடம் ரைட் புளொக்கர் இரவல் வாங்கி, காட்டில் எதுவும் எழுதப்படாதபடி, வெற்றிடம் உட்பட முழுவதையும் பிரதி எடுத்தேன். பிறகு காட்டுக்கும் பிரதிக்கும் எஸ்.எச்.ஏ. 256 ஹாஷ், அதாவது உள்ளே இருப்பதன் கைரேகை மாதிரி ஓர் எழுத்துக்கோவை, எடுத்தேன். 64 எழுத்துகளும் அச்சொட்டாக ஒன்று. உள்ளே ஒரு பிட் மாறினாலும் அது முழுக்க வேறாகிவிடும். அச்சடித்து மாமியிடம் கையெழுத்துக்கு நீட்டினால், "இதென்ன தம்பி, சாதகமோ?" என்கிறா.

அழிந்த படத்தை எடுப்பது இதில் சின்ன வேலை. இந்த மாதிரிப் பழைய காட்டில் அழித்தால் கமரா படத்தைத் தொடுவதேயில்லை. பட்டியலில் பெயரின் முதல் எழுத்தை மாற்றி, இடம் காலி என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கு மேலே வேறொன்று எழுதப்படும் வரை படம் கிடக்கும். அப்படி முதலெழுத்துப் போன ஒரு கோப்பைத் திறந்தால், மாமா சேட்டோடு குந்தியிருந்து கிணற்றுக்கட்டுக்குச் சீமெந்து பூசுகிறார். 2009க்குப் பிறகு மாமி அவரின் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். கனநேரம் பார்த்துவிட்டு, "சேட்டைக் கழற்றிப்போட்டு வேலைசெய்யத் தெரியாது இந்த மனிசனுக்கு" என்றா. நான் தேத்தண்ணி வாங்கப் போய்விட்டேன்.

ஆனால் மச்சான், படத்துக்குள் பதிந்திருக்கும் திகதி 2004 ஜனவரி 1! கமரா வந்ததே 2005இல். எல்லாப் படமும் இப்படித்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டின பிறகு பற்றரிக்கு நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். செய்தி கேட்க ரேடியோவுக்குக் கழற்றுவார்கள், கமராவின் மணிக்கூடு முதலிலிருந்து தொடங்கும். எங்களுக்கு விளங்குகிறது, நீதிபதிக்கு யார் விளக்குவது?

அப்போதுதான் கோப்பின் இலக்கங்களைப் பார்த்தேன். திகதி திரும்பத் திரும்பப் பின்னுக்குப் போனாலும் இலக்கம் ஏறிக்கொண்டே போகிறது. கிணறு 112. 187இல் 2008 நவம்பர் நிஷா புயல் வெள்ளம், விறாந்தை வரை தண்ணீர், அதே கிணற்றுக்கட்டு தண்ணீருக்கு மேலே. இது வேறு வருசத்து வெள்ளம் என்று சொல்லவும் வழியில்லை. மாமியின் மகள் இடுப்பில் கைக்குழந்தை. காட்டைக் கடைக்குக் கொண்டுபோன அதே பேரன்! பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது.

அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. பிறகு பயம் பிடித்தது. சில கமராக்களில் இலக்கத்தையும் முதலிலிருந்து தொடங்க வைக்கலாம். எதிராளி அதைப் பிடித்தால்? இந்த மொடல் பற்றரி கழற்றினால் என்ன செய்யும், இலக்கத்தை எப்படிப் போடும் என்று செய்து காட்ட வேண்டும். மாமியின் கமரா போன இடம் தெரியாது. கொண்ணை அப்போது ஒரே மாதிரி இரண்டு வாங்கினவர் அல்லவா? மற்றது ரொறன்ரோவில் உங்கள் நிலக்கீழ் அறையில்தான் கிடக்கும். பெட்டியும் கையேடும் இருந்தால் இன்னும் நல்லது.

நேரம் குறைவு. இப்படியான சான்றை விசாரணைக்கு முதலே எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் பார்வையிடக் கேட்டால் காட்டவும் வேண்டும்.

கமரா கிடைத்தால் பற்றரி போட்டுப் பார்க்காதே. உள்ளே காட் இருந்தால் எடுக்காதே. உன் மகனிடம் கொடுக்கவே கொடுக்காதே. கிடந்தபடி சுற்றி அனுப்பு. தபால் செலவைக் கொண்ணையின் தலையில் கட்டு.

அன்புடன்,
ரவி