வேலை நேரத்தைச் சொல்லும் ஆங்கிலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதி இலக்கணத்தைத் தெளிவாகவே கற்றுத் தருகிறது. ஆயினும் பணி நேரம், விடுப்பு, ஷிஃப்ட் மாற்றம் ஆகியவற்றை இயல்பாகச் சொல்லும் முறைக்கு அதில் இடமில்லாதது பெருங்குறையாகப் படுவதால் இதை எழுதுகிறேன்.

என் வகுப்புக்கு வரும் பணியாளர்கள் மிகுதியும் தடுமாறுவது 'பை', 'அன்டில்' என்னும் இரண்டு சிறு சொற்களில்தான். ஐந்து மணிக்குள் வேலையை முடித்துத் தருவதாகச் சொல்ல எண்ணி, 'ஐ வில் ஃபினிஷ் இட் அன்டில் ஃபைவ்' என்கிறார்கள். 'பை' என்றால் 'என்னால்', 'அவரால்' என்பவற்றில் வரும் 'ஆல்' என்று மட்டுமே பள்ளியில் மனப்பாடம் செய்ததால், காலக்கெடுவைச் சொல்லும்போது அந்தச் சொல் அவர்கள் நினைவுக்கே வருவதில்லை. உண்மையில் இந்த வேறுபாடு தமிழில் மிகத் தெளிவாக இருக்கிறது: 'ஐந்து மணிக்குள்' என்றால் 'பை ஃபைவ்', 'ஐந்து மணி வரை' என்றால் 'அன்டில் ஃபைவ்'. தாய்மொழியில் ஒருபோதும் பிழைக்காத ஒன்றை ஆங்கிலத்தில் பிழையாகச் சொல்ல நேர்வது கற்பித்த முறையின் குறையே அன்றிக் கற்பவரின் குறை அன்று.

'லீவு' என்பதன் சிக்கல் வேறு. வார ஓய்வையும் கேட்டுப் பெறும் விடுப்பையும் நாம் அந்த ஒரே சொல்லால் சுட்டுகிறோம். ஆங்கிலத்தில் வார ஓய்வு நாளை 'ஆன் லீவ்' என்றால், விடுப்புக் கணக்கில் ஒரு நாளை எடுத்துக்கொண்டதாகவே கேட்பவர் கொள்வார். 'ஐயம் ஆஃப் டுமாரோ' என்பதே அங்கே பொருந்தும். அவ்வாறே, 'ஐ ஒர்க் சாட்டர்டேஸ்' என்றால் எல்லாச் சனிக்கிழமையும் வேலை. இந்த வாரம் மட்டும் என்றால் 'ஐயம் ஒர்க்கிங் திஸ் சாட்டர்டே'. குறித்த நேரத்தை முன்னதாக மாற்றுவதைச் சொல்ல நாம் தாராளமாகப் புழங்கும் 'ப்ரிபோன்' அகராதியில் ஏறிவிட்ட போதிலும், இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. 'மூவ் அப்' என்று அமெரிக்கரும் 'பிரிங் ஃபார்வர்ட்' என்று பிரிட்டிஷாரும் சொல்வார்கள். வாரம் 2 முறை, 2 வாரங்களுக்கு ஒரு முறை ஆகிய இரு பொருளும் தரும் 'பைவீக்லி'யை அறவே தவிர்ப்பது நல்லது.

இத்தகைய தொடர்களை, அவற்றுக்கு நேரான தமிழ் வழக்கோடு இணைத்து, வாரம் ஒரு பத்தியாவது வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முதல் பத்தியில் 'க்குள்', 'வரை' இரண்டையும் எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
பணியாளர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை