மலையகத்துக்குப் போறது சரி, அங்க உள்ள டீச்சரையும் இங்க கூப்பிடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்ம பினாங்கு இளைஞர்கள் இலங்கையில தேயிலைத் தோட்டங்கள் இருக்குற மலையகத்துப் பள்ளிக்கூடங்களுக்குத் தொண்டு செய்யப் போறாங்கன்னு உங்க பத்திரிகையில செய்தி பாத்தேன், ரொம்ப சந்தோஷம். நானும் அப்படி ஒரு குழுவோட ஹட்டன் பக்கம் போய்ட்டு வந்தவதான், அதனால சும்மா பாராட்டி எழுதாம சிலத வெளிப்படையா சொல்லிடுறேன்.

மொதல்ல அந்தப் பெட்டி விஷயம். ஏர்போர்ட்ல எக்ஸ்ட்ரா கிலோவுக்கு காசு கட்டி நம்ம மலேசியாவோட ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் பயிற்சி புத்தகமா அள்ளிட்டு போறாங்க. யூபிஎஸ்ஆர 2021லயே எடுத்தாச்சு, நம்ம பிள்ளைங்களுக்கே வேணாம்னு ஆனது அங்க யாருக்கு? அங்க அஞ்சாம் வகுப்புல புலமைப்பரிசில் பரீட்சைன்னு ஒண்ணு இருக்கு, அதோட கேள்வியே வேற மாதிரி. பாடப்புத்தகத்த அவங்க அரசாங்கமே 1980ல இருந்து இலவசமா கொடுக்குது, யூனிபார்ம் துணியும் 1993ல இருந்து கொடுக்குறாங்க. பத்தாம போறது கொப்பி (நோட்டு), ஷூ, பை இதெல்லாம்தான், அது எல்லாம் ஹட்டன் டவுன் கடையிலயே கிடைக்கும், பிள்ளைய கூட்டிட்டுப் போய் சைஸ் பாத்து வாங்கலாம், அந்தக் கடைக்காரருக்கும் நாலு காசு.

அப்புறம் தேதி. நமக்கு வசதின்னு டிசம்பர் லீவுல கிளம்பிடுறோம், அப்போ பல நேரம் அவங்களுக்கும் லீவுதானே, போட்டோ எடுக்குறதுக்காக பிள்ளைங்கள வீட்டுல இருந்து வரவழைக்க வேண்டியதா போகுது. வலயக் கல்வி அலுவலகத்துக்கு முன்னாடியே எழுதிப் போட்டு அனுமதி வாங்கிட்டு, பள்ளிக்கூடம் நடக்குற நாளா பாத்து போங்க. நாலு பேர் வேலையில லீவு எடுத்துட்டு போனாலே போதும், நாற்பது பேர் வேணாம்.

இதவிட முக்கியமான விஷயம் வேற. அங்க பதினோராம் வகுப்பு முடிவுல எழுதுற ஓ லெவல் பரீட்சையில தாய்மொழியும் கணக்கும் பாஸ் ஆகணும், இல்லன்னா உயர்தரம் (ஏ லெவல்) படிக்கிறது பெரும்பாலும் கஷ்டம். மலையகத்துல கணக்குக்கும் சயின்ஸுக்கும் டீச்சர் பத்தாக்குறை, இது இன்னிக்கி நேத்து வந்த பிரச்சனை இல்ல. 1948ல மலையகத் தமிழரோட குடியுரிமையப் பறிச்சாங்க, தோட்டத்துப் பள்ளிக்கூடமெல்லாம் 1970கள் வரைக்கும் தோட்ட நிர்வாகம் கையிலயே கிடந்துச்சு, மத்த பள்ளிக்கூடங்கள் வளந்த நேரத்துல இவங்க வெளிய நின்னாங்க, அப்புறம் எங்கேர்ந்து அந்த ஊர்லயே சயின்ஸ் படிச்ச டீச்சருங்க வருவாங்க? நாம ஒரு வாரம் போய் ஆங்கிலத்துல ரெண்டு பாட்டு சொல்லிக் கொடுத்து, சுவத்துல கார்ட்டூன் வரைஞ்சிட்டு வந்தா அந்தக் கணக்கு மார்க்கு ஏறிடுமா. எங்க குழு போன பள்ளிக்கூடத்துல அதிபர் (தலைமையாசிரியர்) ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, டவுன்ல இருந்து ஒரு கணக்கு டீச்சர் சாயங்காலம் வந்து போக பஸ் காசும் சம்பளமும் வருஷம் பூரா யாராவது கொடுப்பீங்களான்னு. குழு பெரியவங்க அடுத்த மீட்டிங்ல பேசிக்கலாம்னாங்க, அந்த மீட்டிங்ல பேனருக்கு என்ன கலர் போடலாம்னு பேசிட்டு கலைஞ்சாச்சு. டிக்கெட்டு, தங்குறது, வேன்னு ஒரு ஆளுக்கு ஆன செலவ இலங்கை ரூபாய்ல மாத்துனா லட்சத்த தாண்டிடும். கொழுந்து பறிக்கிறவங்களுக்கு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய்னு 2021லதான் வர்த்தமானியில (அரசிதழ்ல) வந்துச்சு, அத நினைச்சு பாத்துக்கோங்க.

போகவே கூடாதுன்னு நான் சொல்லல. பிள்ளைங்க கூட உக்காந்து கதை படிக்கிறது, ஆங்கிலத்துல கூச்சமில்லாம பேச வைக்கிறது, இதெல்லாம் நம்ம பசங்க நல்லாவே செய்றாங்க, நான் கண்ணால பாத்தேன். ஆனா "ஐயோ பாவம்"னு பேசுறத மட்டும் நிறுத்தணும். நம்ம தாத்தா பாட்டி இங்க மலாயாவுல படிச்சதும் தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான். வெள்ளைக்காரன் காலத்துல பத்துப் பிள்ளைங்க இருந்தா தோட்டம் பள்ளிக்கூடம் வைக்கணும்னு தொழிலாளர் சட்டம் இருந்துச்சு, அத காட்டுறதுக்காகவே ஒரு கொட்டகைய போட்டு கிராணிய (தோட்டத்து குமாஸ்தாவ) விட்டு பாடம் நடத்துன தோட்டமெல்லாம் உண்டு. ஃபேஸ்புக்ல பிள்ளைங்க முகத்த பெருசா போட்டு "ஏழைக் குழந்தைகள்"னு எழுதுறீங்களே, அவங்க அப்பா அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?

இன்னொண்ணு, எப்பவும் நாமளேதான் போறோம், அவங்க ஏன் இங்க வரக்கூடாது? அடுத்த தடவ போற பட்ஜெட்ல ரெண்டு டீச்சருக்கு டிக்கெட்டு ஒதுக்குங்க. ஜெலுத்தோங்லயும் பட்டர்வொர்த்லயும் நம்ம வீடுகள்லயே தங்கலாம், தமிழ்ப்பள்ளிக்கு வந்து பாலர் வகுப்பு எப்படி நடக்குது, பெற்றோர் ஆசிரியர் சங்கம் எப்படி நிதி சேக்குதுன்னு பாக்கட்டும். நமக்கும் அவங்ககிட்ட வேலை இருக்கு. 1816லயே பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு வந்துச்சுன்னு பெருமை பேசுறோம், ஆனா இன்னிக்கும் ஆறாம் ஆண்டோட தமிழ்ல பாடம் படிக்கிறது முடிஞ்சிடுது, இடைநிலைப்பள்ளில தமிழ் ஒரு பாடம் மட்டும்தான், அதுவும் எல்லா பள்ளியிலயும் கிடையாது. அவங்க பசங்க இயற்பியலும் வேதியியலும் உயர்தரம் வரைக்கும் தமிழ்லயே எழுதுறாங்க. சயின்ஸ தமிழ்ல எப்படி பேசி விளக்குறதுன்னு நம்ம டீச்சருங்களுக்கு அவங்க ஒரு நாள் பட்டறை நடத்துனா நான் மொத வரிசையில வந்து உக்காருவேன்.

இந்த வருஷம் போற குழு இத உங்க பத்திரிகையில படிப்பாங்கன்னு நினைக்கிறேன். அங்கேர்ந்து வர்ற டீச்சருங்க சாப்பிடவும் தங்கவும் எங்க வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கு, கேட்டா தர்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு