தேர் ஏன் கீழத்தெருவுக்குள் திரும்புவதில்லை?

பங்குப் பேரவைப் பெரியவர்களுக்கும் தேர்க் கமிட்டியாருக்கும் தோத்திரம்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா திருவிழா நோட்டீஸை வாசித்தீர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர். தேர் போகும் தெருக்களின் பெயர்களும் வந்தன. கீழத்தெரு இந்த வருடமும் இல்லை. கேட்டதற்கு, மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறது, தெருவும் குறுகல் என்றீர்கள்.

முப்பது வருடம் கம்பத்தில் ஏறி இறங்கியவனிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கீழத்தெருவில் மிகக் குறுகலான இடம் கைப்பம்பு முனை; அங்கே பதினொன்றரை அடி. தேர், அச்சு முனையோடு சேர்த்து, எட்டடி. கம்பி தாழ்வு என்பது உண்மை. நடுத்தெருவில் அதைவிடத் தாழ்வு. அங்கே மட்டும் மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்கிறோம். கவைக்கோலோடு ஒருவன் முன்னால் நடந்து கம்பியைத் தூக்கிப் பிடிக்கிறான். பல வருடம் அந்தக் கோலைப் பிடித்தவன் நான்தான். கம்பியைத் தூக்கிப் பிடிக்கத் தெரிகிறது. நீங்கள் சொல்லும் காரணத்தைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை.

வரி விஷயமும் இப்படியே. கீழத்தெருவில் திருவிழா வரி வாங்குவதில்லை; "பாவம், ஏழைகள்" என்கிறோம். வரி கொடுத்தவன் வாசலில்தான் தேர் நிற்கும் என்ற வழக்கம் உள்ள ஊரில், கொடுக்க வருகிறவனிடம் வாங்க மறுப்பதற்கு இரக்கம் என்றா பெயர்?

நான் தேருக்கு விரோதி இல்லை. தேரை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று பேசும் இளைஞர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பெத்தானியாவில் மரியா ஆண்டவர் பாதத்தில் பூசிய தைலத்தை 300 தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். மாதாவுக்கு மல்லிகைச் சரம் வாங்க என் மனைவி மருந்துச் செலவில் மிச்சம் பிடிப்பாள். கண்டும் காணாமல் இருக்கிறேன். அந்தப் பக்தியை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் காணிக்கை செலுத்துவதற்கு ஆண்டவரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். மத்தேயு ஐந்தாம் அதிகாரம், 23, 24 வசனங்கள். பீடத்தண்டை வந்தபிறகு, உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு. பிறகு வந்து செலுத்து என்கிறார். எத்தனையோ பூசையில் கேட்ட வாசகம். இந்த வயதில்தான் ஒன்று உறைத்தது. உனக்கு அவன்மேல் வருத்தம் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்கிறார். "எங்கள் மனத்தில் ஒன்றுமில்லை, நாங்கள் யாரையும் வெறுக்கவில்லை" என்று கூட்டத்தில் சொன்னீர்களே, அந்தப் பதில் இங்கே செல்லாது. கேட்க வேண்டியது கீழத்தெருவை. காணிக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லவும் இல்லை; அது பீடத்தின் முன்னால் காத்துக் கிடக்கிறது. முதன்மையான கட்டளை எது என்று ஒன்றைக் கேட்டவருக்கு, கடவுளை நேசி என்று இணைச்சட்டத்திலிருந்து ஒன்றும், அயலானை நேசி என்று லேவியர் நூலிலிருந்து ஒன்றுமாக அவர் இரண்டைச் சேர்த்துக் கொடுத்ததும் இதனால்தான் போலிருக்கிறது.

நம் உயர்மறைமாவட்டத்தில் இது பழைய வழக்கு. புதுச்சேரிப் பேராலயமான சம்பா கோவிலில், இப்போதைய கட்டடத்துக்கு முன்பிருந்த கோவிலுக்குள்ளேயே, சேரி மக்களை ஒருபுறம் ஒதுக்கி ஒரு சுவர் இருந்தது. அவர்கள் போய்ப் பெரிய குருவிடம் முறையிட்டார்கள். 1745-இல் சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர் அல்லாத அவருக்கே அது குறித்து வைக்கத் தகுந்த செய்தியாகப் பட்டிருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விடிந்தால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அடுத்தடுத்த நாளில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு நம் கோவிலுக்குள் புகுந்தபோது, மாதா சொரூபத்தை இடுப்பளவுத் தண்ணீரில் தோளில் சுமந்து பாடற்குழு மாடிக்கு ஏற்றியது கீழத்தெருப் பையன்கள் நான்கு பேர். அந்நேரம் அவர்கள் வீட்டில் அரிசிப் பானை மிதந்துகொண்டிருந்தது. ஒருவன் தலைத்துண்டைப் பிழிந்து மாதாவின் பாதத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தான். நான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்தத் தோளில் ஏறிய மாதா அவர்கள் தெருவில் இறங்கக் கூடாதா?

வருகிற ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கைப்பம்பு முனையில் நிற்பேன். கமிட்டியிலிருந்து ஒருவர் வந்தால் போதும். டேப் என்னிடம் இருக்கிறது. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
கடலூர், தென்பெண்ணைக் கரை