முகம் வெட்டியவர் பேரை வெட்டிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் பற்றி வந்த கட்டுரையை என் மகள்தான் படிக்கச் சொன்னாள். எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள், மில்டன் அவளுக்குப் பாடம். கட்டுரையைப் பற்றிப் பேச எனக்குப் படிப்பு போதாது. ஆனால் அதோடு போட்டிருந்த இரண்டு படங்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கும்பகோணத்தில் முப்பத்தோரு வருஷமாகப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவன் நான். சுத்தியும் உளியுமாக ஆரம்பித்து, இப்போது கரண்ட் மெஷினில் வந்து நிற்கிறேன்.

இரண்டு படத்துக்கும் கீழே ‘பழைய ஓவியம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அவை ஓவியம் அல்ல. செப்புத் தகட்டில் வெட்டி, மை ஏற்றி, காகிதத்தில் எடுத்த அச்சுப் படங்கள். வயதான மில்டன் இருக்கிறாரே, அந்தப் படத்தின் அடியில் வெட்டியவர் தன் பேரையும் வெட்டி வைத்திருக்கிறார். பக்கத்தில் இடம் போதவில்லையோ என்னவோ, அந்த அடிப்பகுதியை நீக்கிவிட்டீர்கள். மகளின் லேப்டாப்பில் முழுப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தோம். லத்தீன் எழுத்து. ‘ஜான் மில்டன் உருவம், வயது 62, 1670’ என்று ஒரு வரி. இன்னொன்று, ‘வில்லியம் ஃபேதோர்ன் நேரில் பார்த்து வரைந்து, வெட்டியது’ என்று. அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் இரண்டு வாரமாக ஃபேதோர்னைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

மனிதர் லண்டனில் ராபர்ட் பீக் என்ற படக்கடைக்காரரிடம் தொழில் பழகியவர். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் வந்ததும் முதலாளி அரசர் பக்கம் படை நடத்தப் போக, இவரும் கூடவே போயிருக்கிறார். 1645 அக்டோபரில் பேசிங் ஹவுஸ் கோட்டை விழுந்தபோது பிடிபட்டு, லண்டனில் சிறை. உள்ளே இருந்தபடியும் படம் வெட்டினாராம். பிறகு நாடு கடத்தி விட்டார்கள். போன இடம் பாரிஸ். அங்கே ராபர்ட் நாந்தேய் என்ற பெரிய கையிடம் வேலையைக் கூர் தீட்டிக்கொண்டு, 1650 வாக்கில் ஊர் திரும்பி, டெம்பிள் பார் என்ற லண்டன் நகர வாசலுக்கு வெளியே சொந்தமாகக் கடை போட்டார். தன் படங்களோடு இத்தாலி, ஹாலந்து, பிரான்ஸ் படங்களையும் தருவித்து விற்றார்.

மில்டனோ அந்த அரசர் முதலாம் சார்லஸைத் தலை வெட்டியது சரி என்று புத்தகமே எழுதியவர். அரசருக்காகச் சிறை போனவர் எதிரே, அந்த மில்டன் உட்கார்ந்து முகம் கொடுத்திருக்கிறார். 1670இல் வந்த அவருடைய பிரிட்டன் வரலாற்றுப் புத்தகத்துக்கு முகப்புப் படம் அது. அப்போது மில்டனுக்குப் பார்வை போய்ப் பதினெட்டு வருஷம். தன் முகம் எப்படி வந்திருக்கிறது என்று அவர் பார்க்கவே முடியாது. ஆனால் படத்தில் கண் திறந்து, தெளிவாக இருக்கிறது. வெட்டியவர் சலுகை காட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. தன் கண்ணில் வெளியே மாசு எதுவும் தெரியாது என்று மில்டனே 1654இல் எழுதியிருக்கிறார் என்று மகள் எடுத்துக் காட்டினாள்.

இனி என் தொழில்காரன் புத்தியில் பட்டது. நாங்கள் உளியை வைத்துச் சுத்தியால் தட்டுவோம். அந்தச் செப்புத் தகட்டுக்காரர்களுக்குச் சுத்தி கிடையாது. நாலு முகமுள்ள எஃகுக் கம்பி, நுனி சரிவாகத் தீட்டியது. மறுமுனையில் காளான் மாதிரி மரப்பிடி. பிடி உள்ளங்கைக்குள் அடங்கும். தள்ளினால் செம்பு சுருள் சுருளாக எழுந்து வரும். தகட்டுக்கு அடியில் மணல் அடைத்த தோல் மெத்தை. வளைவு போட வேண்டுமானால் கை வளையாது. இடது கையால் தகட்டைத் திருப்புவார்கள். முகத்தில் பொடிக் கோடும் புள்ளியுமாக வைத்து, நிழல் விழும் இடத்தில் கோட்டை ஆழப்படுத்துவார்கள். ஆழம் கூடினால் மை கூடுதலாகத் தங்கும், அங்கே கறுப்பு கூடும். எல்லாமே கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி. எழுத்தும் திருப்பித்தான். சொம்பின் மேல் நேராக எழுதவே எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

வெட்டினது தப்பானால் எங்களுக்கு வழியே இல்லை, பாத்திரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அவர்கள் சுரண்டி, தேய்த்து, பள்ளமான இடத்தைப் பின்னாலிருந்து தட்டி மேலே கொண்டுவந்து மறுபடி வெட்டலாம். இந்த வசதியில் கூத்தும் நடந்திருக்கிறது. பியர் லொம்பார் என்பவர் வெட்டிய குதிரை வீரன் படம் ஒன்று. உடம்பும் குதிரையும் மாறவில்லை. தலை மட்டும் ஒரு சமயம் அரசரை எதிர்த்த கிராம்வெல், இன்னொரு சமயம் தலை வெட்டுப்பட்ட அந்தச் சார்லஸ் அரசர். இடையில் தலையே இல்லாமல் எடுத்த பிரதியும் இருக்கிறது! தகடு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. அதனால் வெட்டியவருக்கு ‘ஸ்கல்ப்ஸிட்’, வெளியிட்டவருக்கு ‘எக்ஸ்குடிட்’ என்று தனித்தனியாகப் போடுவார்கள். ஃபேதோர்ன் இரண்டு வேலையும் பார்த்தவர். 1662இல் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்றையும் தானே வெளியிட்டார். பெரும்பகுதி ஆபிரகாம் போஸ் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியதிலிருந்து எடுத்தது.

வியாபாரம் எப்படி நடந்தது என்பதற்குச் அக்கால லண்டன் அரசு அதிகாரி சாமுவேல் பீப்ஸ் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. லண்டன் பெருந்தீ அடங்கி இரண்டு மாதம். 1666 நவம்பர் 7 அன்று, குளிர்காலத்தில் மனைவி பார்த்து வரையப் படம் வாங்கலாம் என்று ஃபேதோர்ன் கடைக்குப் போகிறார். அங்கே அப்போதைய அரசர் இரண்டாம் சார்லஸின் ஆசைநாயகி காசில்மெய்ன் சீமாட்டியை வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்த படம் ஒன்றைப் பார்க்கிறார். பீட்டர் லெலி என்ற ஓவியர் வரைந்ததைப் பார்த்து, தகட்டில் வெட்டுவதற்காக ஃபேதோர்ன் போட்டது. டிசம்பர் 1 அன்று அச்சு வெளிவந்த அன்றே போய் மூன்று பிரதி வாங்கிவிடுகிறார். முதல் நாள் முதல் காட்சி பார்க்கிற ஆசாமி எல்லா ஊரிலும் இருப்பான் போலிருக்கிறது.

இளவயது மில்டன் படத்துக்கு வருகிறேன். அது 1645இல் வந்த கவிதைத் தொகுப்பில் வில்லியம் மார்ஷல் வெட்டியது. அதன் அடியிலும் எழுத்து உண்டு, அதையும் காணோம். படத்தில் வயது 21 என்று போட்டிருக்கிறது. முகத்தைப் பார்த்தால் பேரன் எடுத்தவர் மாதிரி இருக்கும். மில்டனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வாயால் சொல்லவில்லை. நாலு வரி கிரேக்கத்தில் எழுதிக் கொடுத்து, படத்துக்குக் கீழே வெட்டச் சொல்லிவிட்டார். நண்பர்களே, இது நான்தான் என்று உங்களுக்கே தெரியாது, கைவராத ஓவியன் செய்த காப்பியைப் பார்த்துச் சிரியுங்கள் என்பது அதன் சாரம். மார்ஷலுக்குக் கிரேக்கம் தெரியாது. தன்னைத் திட்டுகிற வரியைத் தன் கையாலேயே எழுத்தெழுத்தாக வெட்டிக் கொடுத்தார்.

மகள் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தி, குஜராத்தி என்று வாசிக்கத் தெரியாத எழுத்தையெல்லாம் துண்டுச் சீட்டைப் பார்த்து எத்தனை தட்டில், குடத்தில் வெட்டியிருக்கிறேன். வளைவு மாறாமல் வந்தால் சரி என்று கொடுத்து அனுப்பியாயிற்று. என்ன எழுதியிருந்தார்களோ!

ஃபேதோர்ன் படத்தைப் பார்த்து வில்லியம் டோல் என்பவர் சின்னதாக வெட்டியதுதான் 1674இல் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தின் இரண்டாம் பதிப்பில் வந்தது. இப்படிக் காப்பி அடிப்பதைத் தடுக்க அப்போது சட்டம் கிடையாது. ஹோகார்த் என்ற ஓவியரின் முயற்சியில் 1735இல்தான் அந்தச் சட்டம் வந்தது. அதுவரை அடியில் வெட்டிய அந்த ஒரு வரிதான் தொழில்காரனுக்குக் காப்பு. தாமஸ் ஃப்ளாட்மன் என்ற கவிஞர், ‘ஃபேதோர்ன் ஸ்கல்ப்ஸிட்’ என்ற இரண்டு சொல் ஒருவரை மறதியிலிருந்தும் புதைகுழியிலிருந்தும் காப்பாற்றும் மந்திரம் என்று அவரைப் பாராட்டிப் பாடியிருக்கிறார். நீங்கள் நீக்கியது அந்த மந்திரத்தைத்தான்.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது முழுப் படத்தையும் போட இடம் இல்லையென்றால், ‘செப்புத் தகட்டு அச்சு: வில்லியம் ஃபேதோர்ன், 1670’ என்று ஒரு வரி போதும். மார்ஷல் படத்துக்கு மட்டும் அந்த நாலு கிரேக்க வரியையும் சேர்த்துப் போடுங்கள். அதில் எழுத்துப் பிழை ஏதாவது விழுந்திருக்கிறதா என்று கிரேக்கம் தெரிந்த வாசகர் யாராவது பார்த்துச் சொன்னால், நான் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
பேர் வெட்டும் வாசகன்,
கும்பகோணம்.