நடந்த வழிக்கும் ஒரு பலகை

ஆசிரியருக்கு,

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்கள் உப்புச் சத்தியாகிரகத்துக்காக வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். 30ஆம் தேதி உப்பு அள்ளிய இடமான அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் நிற்கிறது. சரி. ஆனால் இந்தப் போராட்டத்தின் சுவையான பகுதி அங்கே இல்லை, வழியில் இருக்கிறது.

தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் அறிவித்தார். தஞ்சை மண்ணில் வந்தவருக்குச் சோறு போடாதே என்று உத்தரவு போட அவருக்கு எவ்வளவு துணிச்சல்! மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று போலீஸ் மரத்தையா விசாரிக்கும்?

கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக அவர்கள் நடந்த சாலைகளில் ஊருக்கு ஒரு பலகை வைத்தால் என்ன? 'இவ்வழியே சென்றார்கள்' என்ற ஒற்றை வரி போதாது. தடையையும் பொட்டலத்தையும் நாலு வரியில், நல்ல தமிழில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் படிக்கும் அளவு எழுத்தில் சொல்ல வேண்டும். திறந்துவைத்தவர்களின் பெயர்ப் பட்டியல், தயவுசெய்து, பலகையின் பின்பக்கம் இருக்கட்டும். நெடுஞ்சாலைத் துறையும் மாவட்ட நிர்வாகங்களும் இதற்கு ஆவன செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், மன்னார்குடி