அந்தக் கருவிக்கு அவரைத் தெரியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியாவின் டிஜிட்டல் மருத்துவம் பற்றிச் சென்ற ஞாயிறு நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், கரீபியன் முதியவர்களுக்குத் தொழில்நுட்ப அறிவு குறைவு, அதனால்தான் அவர்கள் ஆய்வுகளில் சேர்வதில்லை என்று ஒரு வரி இருந்தது. தென்கிழக்கு லண்டனில் லூயிஷம் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று வேலை செய்த சமூகத் தாதி நான். என் நோயாளிகளில் பாதிப் பேர் ஜமேக்கா, பார்படோஸ், கிரெனடா தீவுகளிலிருந்து வந்தவர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

2021 ஜனவரியில் கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நோயாளியின் வீட்டுக்கே கொடுத்து, அதை விரலில் மாட்டி வரும் எண்ணைச் செயலியிலோ தொலைபேசியிலோ தெரிவிக்கச் சொல்லும் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. 95 அல்லது அதற்கு மேல் என்றால் வீட்டிலேயே இருக்கலாம். 93, 94 என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். 92 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆம்புலன்ஸ்.

என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ஜமேக்காவின் கிளாரண்டனில் பிறந்த அம்மா. அப்போது வயது 78. பத்தொன்பது வயதில் இங்கே வந்து, முப்பது ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் துணைத் தாதியாக உழைத்தவர். முதல் நாள் 95 என்றார். இரண்டாம் நாளும் 95. "எண் நன்றாகத்தான் இருக்கிறது நர்ஸ், நான்தான் நன்றாக இல்லை" என்றார். மூன்றாம் நாள் நேரில் போனேன். கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை மூச்சு வாங்கினார். விரலில் கருவி 95 காட்டியது. ஆம்புலன்ஸை அழைத்தேன். மருத்துவமனையில் தமனி இரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது உண்மையான அளவு 86. ஆறு வாரம் கழித்துத்தான் வீடு திரும்பினார். "அந்தப் பெட்டிக்கு என்னைத் தெரியவில்லை" என்று அன்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆக்சிமீட்டர் விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. தோலில் இருக்கும் கருநிறமியும் ஒளியை உறிஞ்சும். ஆனால் கருவிகளின் அளவுகோலை நிர்ணயிக்கச் சோதித்த விரல்களில் பெரும்பாலானவை வெளிர் நிற விரல்கள். அதனால் கருந்தோலில் எண் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் வெளியான மிச்சிகன் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் தமனி இரத்தத்தின் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். இது புதிதாகத் தெரியவந்த குறையும் அல்ல. 1990-லேயே இதைக் காட்டிய ஆய்வு இருக்கிறது. முப்பது ஆண்டுகள்! நான் பயிற்சி பெற்ற காலத்திலும் சரி, அந்தக் கருவிகளை வீடுகளில் கொடுத்தபோதும் சரி, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மருத்துவக் கருவிகளில் உள்ள பாரபட்சம் பற்றிப் பேராசிரியர் மார்கரெட் வைட்ஹெட் தலைமையிலான குழுவின் அறிக்கை 2024 மார்ச்சில்தான் வந்தது.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இரத்தப் பரிசோதனையிலிருந்து போடும் கணக்கிலும் இதே கதை. கறுப்பினத்தவர் என்று பதிந்தால் ஆய்வுகூடக் கணினி முடிவை 1.159-ஆல் பெருக்கி, சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக வேலை செய்வதாகக் காட்டிவந்தது. இங்கிலாந்தின் வழிகாட்டுதலிலிருந்து அது 2021-இல் நீக்கப்பட்டது.

கருவியை நம்பாததற்கு இவை காரணம். தங்கள் விவரங்களைக் கொடுக்கத் தயங்குவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மக்களைப் பற்றி எழுதுவது நியாயமல்ல. 1948 ஜூன் 22 அன்று கரீபியன் தீவுகளிலிருந்து வந்த எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்தில் ஆட்களை இறக்கியது. அந்தத் தலைமுறையினர் குடிமக்களாக வந்தவர்கள். அவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் பலரிடம் அரை நூற்றாண்டு கழித்து, இங்கே இருக்கும் உரிமைக்குக் காகிதம் கேட்டார்கள். வேலை போனது, வீடு போனது, சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். 44 ஆண்டுகள் லண்டனில் வாழ்ந்த ஒருவரிடம் புற்றுநோய்க் கதிரியக்கச் சிகிச்சைக்கு 54,000 பவுண்கள் கேட்கப்பட்டன. 2018-இல் இவையெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. 2017 ஜனவரியிலிருந்து நோயாளிகளின் முகவரி போன்ற விவரங்களைக் குடிவரவு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் ஓர் ஒப்பந்தமும் நடைமுறையில் இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2018 மே மாதம் அதை அரசு பெருமளவு நிறுத்திவைத்தது. மருத்துவரிடம் கொடுத்த முகவரி எங்கே போகும் என்ற அச்சம் நம்மவர்களுக்கும் புதிதல்ல. அகதிக் கோரிக்கை முடிவாகாத எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள், காய்ச்சல் வந்தாலும் பதிவு செய்யப் பயந்திருந்ததை நான் அறிவேன்.

கிளாரண்டன் அம்மாவுக்கு வாட்ஸ்அப் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். தேவாலயம் பூட்டியிருந்த காலத்தில் ஜூம் வழியாக ஆராதனையில் பாடினார், எனக்கும் அதைத் திறக்கக் காட்டிக் கொடுத்தார். இவரையா தொழில்நுட்பம் அறியாதவர் என்பது?

சரியாகச் செய்தால் இவர்கள் வருகிறார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க, கரீபியன் மக்களோடு சேர்ந்து உருவாக்கிய 'ஹீல்-டி' என்ற நீரிழிவுப் பயிற்சி தெற்கு லண்டனில் இருக்கிறது. கொரோனா காலத்தில் அது இணையத்துக்கு மாறியது. அதில் உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் அல்ல, அவர்கள் வீட்டு யாம் கிழங்கும் வாழைக்காயும் சோறும் பயறும் பேசப்படுகின்றன. யாம் நம் இராசவள்ளியின் உறவுதான். ஜமேக்காக்காரர் சுட்டுத் தின்பதும் நாம் கறி வைக்கும் ஈரப்பலாதான். என் நோயாளிகளோடு முதன்முதலில் நட்பானது சமையலறையில்தான் என்பதால் இதைச் சொல்கிறேன். எதைச் சாப்பிடக் கூடாது என்று பட்டியல் நீட்டிய காலத்தில் என் முன்னால் தலையாட்டியவர்கள், எவ்வளவு சாப்பிடலாம் என்று தட்டைக் காட்டிப் பேசியபோது கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

2025 ஜூலையில் வந்த இங்கிலாந்தின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம் காகிதத்திலிருந்து டிஜிட்டலுக்கு மாறுவதை மூன்று பெரும் மாற்றங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அந்த மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருவியைக் கருந்தோலில் சோதித்த முடிவுகளை முதலில் காட்டுங்கள். விவரம் யார் கைக்குப் போகும், யார் கைக்குப் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். ஆய்வு முடிந்ததும், ஆட்களைச் சேர்த்த அதே மண்டபத்துக்குத் திரும்பி வந்து முடிவைச் சொல்லுங்கள். என் தோலும் கருந்தோல்தான், உங்கள் வாசகர்களில் பலருடையதும் அப்படித்தான். ஆகவே அந்த வரியைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வாரம் அந்த அம்மா என்னிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கையில் கட்டும் கருவியால் இரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் ஆய்வுக்கான அழைப்பு. பதினான்கு பக்கங்கள். முதல் பக்கத்திலேயே முகவரி கேட்டிருந்தார்கள். அந்த முகவரியை யார் பார்ப்பார்கள் என்பது பதினோராம் பக்கத்தில் இருந்தது, அதுவும் "தேவையான பிற அமைப்புகள்" என்று முடிந்தது. எந்த அமைப்புகள் என்று கேட்டு இருவரும் சேர்ந்து எழுதி அனுப்பியிருக்கிறோம். பேனா மேசையிலேயே இருக்கிறது, பதில் வந்தால் கையெழுத்திடுவேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகத் தாதி,
கேட்ஃபோர்ட், லண்டன்