அமெரிக்க விளையாட்டு உதவித்தொகை: கணக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். நம் ஊர்ப் பெண்ணோ பையனோ அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு உதவித்தொகையோடு சேர்ந்திருப்பார், பக்கத்தில் அப்பா அம்மா, பயிற்சியாளர், சால்வை. படிக்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு "நம்ம பிள்ளையையும் அனுப்பலாமே" என்று நினைக்கிற பெற்றோருக்கு உதவுகிற மாதிரி ஒரு வரிகூட அதில் இருப்பதில்லை. அங்கே போய்க் களத்தில் இறங்குவதற்குத் தகுதிச் சான்று என்று ஒன்று தேவை, அது பிளஸ் டூ முடித்த பிறகு யோசிக்கிற விஷயமே இல்லை, ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும்போதே கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது என்பதை யாராவது எழுத வேண்டும். என் மகள் டென்னிஸ் ஆடி இப்போது அங்கே டிவிஷன் 2 கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். அந்த விதிகளோடு மல்லுக்கட்டியவள் என்பதால் நானே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பெரும்பாலும் நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. அது கல்லூரிகளை டிவிஷன் 1, 2, 3 என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. டிவிஷன் 1, டிவிஷன் 2 கல்லூரிகளில் ஆட அதன் தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் இரண்டைப் பார்ப்பார்கள்: பள்ளிப் படிப்பு, அமெச்சூர் நிலை, அதாவது விளையாட்டைத் தொழிலாக்கிப் பணம் வாங்காதவரா என்பது. கல்லூரி "வா" என்று சொல்லி, விசாவும் கையில் வந்துவிட்டாலும், இந்த இரண்டில் ஒன்று இடித்தால் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்க வேண்டும். டிவிஷன் 3 கல்லூரிகளிலும், பெயர் பெற்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்தோ, டிவிஷன் 3-ல் படிப்பைப் பார்த்தோ தருவதுதான். இதையும் நம் செய்திகள் பிரித்துச் சொல்வதில்லை.

படிப்பு விஷயம் முதலில். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகளில் 16 அடிப்படைப் பாடங்கள் கணக்கில் வர வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், இன்னொரு மொழி என்று. இதில் கணிதம் டிவிஷன் 1-க்கு மூன்று ஆண்டுகள், டிவிஷன் 2-க்கு இரண்டு. எங்கள் அகாடமியில் நான் பார்த்த வரை பெற்றோர் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத காமர்ஸ் பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். ஒன்பதிலும் பத்திலும் படித்தது இரண்டு ஆண்டு, டிவிஷன் 1 கேட்கும் மூன்றாவது எங்கிருந்து வரும்? உடற்கல்வியில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் அது அடிப்படைப் பாடம் ஆகாது. இந்தப் பாடங்களின் மதிப்பெண் சராசரி அமெரிக்கக் கணக்கில் நாலுக்கு 2.3 இருந்தால் டிவிஷன் 1, 2.2 இருந்தால் டிவிஷன் 2. நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத மதிப்பெண் இல்லை. சாட் என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு கட்டாயம் என்பதை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், ஆனால் சேரப்போகிற கல்லூரியே அதைக் கேட்கலாம், அது வேறு. மதிப்பெண்ணைவிடப் பெரிய சிக்கல் காலம்தான். டிவிஷன் 1-க்குப் போக நினைப்பவர்கள், ஒன்பதில் சேர்ந்ததிலிருந்து நான்கு ஆண்டுகளில் பள்ளியை முடித்திருக்க வேண்டும். போட்டிக்காகப் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தள்ளிப்போட்டு, அப்புறம் திறந்தநிலைப் பள்ளியில் ஆற அமர எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பள்ளி முத்திரையோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது பொதுத் தேர்வு இல்லை என்பதால் நான்கு வருஷம் கழித்துப் போய்க் கேட்டால் பள்ளி அலுவலகத்தில் தேடி எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

அடுத்தது, பிளஸ் டூ முடித்தவுடன் நடப்பது. "ஒரு வருஷம் முழுநேரமா ஆடிப் பார்க்கட்டும், சரிவரலைன்னா காலேஜ்" என்று சொல்லாத டென்னிஸ் அப்பாவை நான் பார்த்ததில்லை. டிவிஷன் 1 டென்னிஸில் பள்ளி முடித்து ஆறு மாதம்தான் அவகாசம், அதற்குப் பிறகு வரும் முதல் சேர்க்கையில் சேர்ந்துவிட வேண்டும். பெரும்பாலான மற்ற விளையாட்டுகளுக்கு ஓராண்டு. அதைத் தாண்டியும் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால், தாண்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும், கல்லூரியில் ஆடக் கிடைக்கும் நான்கு பருவங்களில் ஒன்று போகும், சேர்ந்த பிறகும் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். இந்த விதிகளையே வயதை அடிப்படையாக வைத்து மாற்றி எழுதலாம் என்ற பேச்சும் அங்கே ஓடுகிறது, ஆகவே எந்த வருஷம் போகிறீர்களோ அந்த வருஷ விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசம், பாதுகாப்புக்கு என்று இங்கேயே விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரியில் பெயருக்குச் சேர்த்து வைப்பது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் டிவிஷன் 1-ல் ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடி முடிக்க வேண்டும் என்ற கடிகாரம், உலகத்தில் எந்தக் கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்தாலும் அந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. சென்னையிலோ கோவையிலோ பி.காம். முதல் வருஷம் படித்துவிட்டு அமெரிக்கா போகும் பிள்ளை அங்கே புது மாணவர் இல்லை, கல்லூரி மாறி வந்தவர். அவருக்கு வேறு விதிகள். இதை எங்களுக்கு ஒரு ஏஜென்டும் சொல்லவில்லை. அந்தக் கல்லூரியின் விதிமுறைப் பிரிவுக்கு, கம்ப்ளையன்ஸ் ஆபீஸ் என்பார்கள், நேராக மின்னஞ்சல் எழுதித்தான் தெரிந்துகொண்டோம். மறுநாளே பதில் வந்தது. பணம் கேட்கவில்லை.

அமெச்சூர் நிலைக்கு வருகிறேன். சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றதும், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் ஸ்டேட்டிலிருந்து 2018-லும் 2022-லும் உயரம் தாண்டுதலில் வென்றதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். அவர்கள் மாதிரி போக விரும்பும் பிள்ளை, கல்லூரியில் சேரும் முன் பரிசுப் பணம் எவ்வளவு வாங்கலாம் என்பது எத்தனை பயிற்சியாளர்களுக்குத் தெரியும்? டென்னிஸில் இருந்துவந்த விதி, ஒரு காலண்டர் ஆண்டில் 10,000 டாலர் வரை வாங்கலாம், அதற்கு மேல் வந்தால் உண்மையான, அவசியமான செலவு அளவுக்கு மட்டும் என்பது. இந்த விதி நியாயமே இல்லை என்று ரீஸ் பிரான்ட்மையர் என்ற வட கரோலினா பல்கலைக்கழக வீராங்கனை 2024-ல் வழக்குப் போட்டார். 2021 யூ.எஸ். ஓபனில் சம்பாதித்த ஏறத்தாழ 49,000 டாலரில் பெரும்பகுதியை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. உழைத்து வென்ற பணத்தைத் திருப்பிக் கொடு என்பதை என்னால் எந்த விதத்திலும் ஏற்க முடியவில்லை. இந்த வழக்குக்குப் பிறகு விதி தளர்ந்துகொண்டு வருகிறது, நல்லது. ஆனாலும் நீங்கள் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நாங்கள் ஒரு நீள நோட்டு வைத்திருந்தோம். இடது பக்கம் பரிசுப் பணம், வரி பிடித்தது போகக் கையில் வந்தது. வலது பக்கம் நுழைவுக் கட்டணம், ரயில், விமானம், ரூம் வாடகை, சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டியது, பயிற்சியாளர் கூட வந்தால் அவர் செலவு. ஒவ்வொரு பில்லும் அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும், வெயிலில் மங்கும் தெர்மல் பில்லாக இருந்தால் போட்டோ எடுத்து நகலும் வைப்போம். 15,000 டாலர் போட்டி என்று பெரிதாகப் போடுகிறார்களே, அது எல்லாருக்குமான மொத்தப் பரிசு, முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது ரூம் வாடகைக்கே காணாது. வரம்பைத் தொடும் பிள்ளைகள் நம்மிடையே குறைவுதான். ஆனால் தகுதி மையம் கேள்வி கேட்கும்போது "தொடவில்லை" என்று வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். எந்தப் போட்டி, எந்த ஊர், யார் பணம் கொடுத்தார்கள், ஸ்பான்சர் உண்டா, கிளப்போடு ஒப்பந்தம் உண்டா என்று வரிசையாகக் கேட்பார்கள்.

அரசு தரும் ஊக்கத்தொகையை நினைத்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. நாட்டுக்காகப் பெரிய போட்டியில் பதக்கம் வென்று அரசோ ஒலிம்பிக் அமைப்போ தரும் தொகைக்குத் தனி விலக்கு இருக்கிறது. சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 2016 ரியோவில் நீச்சலில் தங்கம் வென்று பத்து லட்சம் சிங்கப்பூர் டாலர் பரிசு பெற்றார், அப்புறமும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக நீந்தினார். இருந்தாலும் ஒவ்வொரு தொகையும் அந்த விலக்கில் வந்துவிடாது. வாங்குவதற்கு முன் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எங்கள் அகாடமியில் ஆடும் ஒரு பையனின் அப்பா அண்மையில் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். அமெரிக்கக் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஓர் ஆலோசனை நிறுவனத்துடையது. பெயர் வேண்டாம். முதல் பக்கத்தில் வீடியோ எடுப்பது, கோச்சுகளுக்கு அனுப்புவது, நேர்காணலுக்குத் தயார் செய்வது எல்லாம் அழகாக எழுதியிருந்தது. உள்ளே பொடி எழுத்தில், கல்லூரி வழங்கும் உதவித்தொகையில் இத்தனை சதவீதம் நிறுவனத்துக்கு, நான்கு ஆண்டுகளுக்கும். கீழே பையனின் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்த அப்பாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது, "வேலை முடிஞ்சாத்தானே காசு கேக்கறாங்க" என்றார். ஆனால் என்.சி.ஏ.ஏ. விதி இதற்கு நேர் எதிர். பிள்ளையின் விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பித் தருவதற்கு ஒரு நிலையான கட்டணம் கொடுக்கலாம். உதவித்தொகை கிடைத்தால்தான் கட்டணம் என்றோ, அதில் இவ்வளவு பங்கு என்றோ பேசினால் அந்த நிறுவனத்தை ஏஜென்டாகக் கருதுவார்கள், பிள்ளையின் தகுதிக்கே ஆபத்து. உதவி செய்கிறேன் என்று வந்தவரே பிள்ளையின் காலை வாரிவிடுகிறார். அதுவும் சதவீதக் கணக்கு நமக்குக் கேட்கப் பாதுகாப்பாகத் தெரிவதால் நாம்தான் விரும்பிக் கையெழுத்துப் போடுகிறோம். நல்லவேளை, அந்தப் பையன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிட்ட பெற்றோர் இதைப் படித்தால் மறைக்காதீர்கள், சேரப்போகும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் ஆபீஸிடம் உடனே சொல்லி வழி கேளுங்கள். மறைத்து வைத்துப் பிறகு வெளியே வந்தால் கதை வேறு.

"இப்போதுதான் அங்கே எல்லாருக்கும் காசு கொடுக்கிறார்களே, இன்னும் என்ன அமெச்சூர்" என்று சிலர் கேட்கிறார்கள். 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025-ல் ஏற்பட்ட நீதிமன்றச் சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் தொடங்கியிருக்கின்றன. உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகள் போவது எஃப்-1 மாணவர் விசாவில். அந்த விசாவில் வேலை செய்து சம்பாதிப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது, விளம்பர வருமானம் அதில் மாட்டினால் ஆட்டம் மட்டுமல்ல, அங்கே தங்குவதே கேள்விக்குறி. அமெரிக்கப் பிள்ளை இன்ஸ்டாகிராமில் ஷூ விளம்பரம் போட்டுக் காசு வாங்குகிறாள் என்று நம் பிள்ளையும் போட முடியாது. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடத் தொட வேண்டாம்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. கிரிக்கெட், கபடி, பேட்மிண்டன், டேபிள் டென்னிஸ் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் இதற்கெல்லாம் அலைய வேண்டாம், அவை என்.சி.ஏ.ஏ. பட்டியலில் இல்லை. ஸ்குவாஷுக்கு அங்கே தனிக் கல்லூரிச் சங்கம். செஸ்ஸுக்கு உதவித்தொகை தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்று, ஆனால் அதுவும் இந்த விதிகளுக்கு வெளியே. உங்கள் பிள்ளையின் விளையாட்டு இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமலே பணம் வாங்குகிற ஆலோசகர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, இனிமேல் இப்படி ஒரு செய்தி போடும்போது எந்த டிவிஷன், உதவித்தொகை கல்விக் கட்டணத்தில் எவ்வளவு, பிள்ளை எந்தப் பிரிவில் படித்தார் என்ற மூன்று கேள்வியை உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். முழு உதவித்தொகை என்று பொத்தாம்பொதுவாகப் போட வேண்டாம். ஆண்கள் டென்னிஸில் அண்மைக்காலம் வரை ஒரு டிவிஷன் 1 அணிக்கே நாலரை உதவித்தொகைதான், அதை எட்டுப் பத்துப் பேருக்குப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இந்த விதிகளைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, பிளஸ் ஒன் பிரிவு தேர்வு செய்யும் மே மாதத்துக்கு முன் விளையாட்டு விடுதிகளிலும் அகாடமிகளிலும் ஒட்டினால் எத்தனையோ பிள்ளைகள் தப்பிப்பார்கள். அப்படி ஒரு தாள் தயாரிக்க யாராவது முன்வந்தால், என் மகளுக்குக் கல்லூரியிலிருந்து வந்த மின்னஞ்சல்களையும் அந்த நோட்டையும் கொடுக்க நான் தயார். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
டென்னிஸ் வீராங்கனை ஒருவரின் தாய்,
கோயம்புத்தூர்